நிம்காவுக்கு வைக்காத புளியமுத்து

கல்லாங்காட்டில் லாரி இல்லாத வீடு உண்டு, லாரிக்காரன் இல்லாத வீடு கிடையாது. சங்ககிரிக்கு இந்தப் பக்கம் ரோட்டோரமாகக் கிடக்கிற ஊர். ஆண்பிள்ளைகள் மாதத்தில் இருபது நாளை வெளிமாநிலத்திலும் மிச்ச நாளைக் கயிற்றுக் கட்டிலிலும் கழிப்பார்கள், பொம்பளைகளுக்கு மேட்டூர் எந்தத் திக்கில் இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் சோலாப்பூருக்கு அப்புறம் எந்த ஊர் வரும் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அந்த ஊரில் செங்கோடன் என்கிற டிரைவர் காணாமல் போன வருஷம், புக்கிங் ஆபீஸ் தரையில் வைத்த நூறு புளியமுத்து தானாக நகர்ந்தது. நம்ப முடியாதவர்கள் நம்பாமலே கேளுங்கள், எனக்கொன்றும் வருத்தமில்லை, நம்பாதவர்களுக்காக அன்றைக்கு முத்தும் நின்றுவிடவில்லை.

அந்த ஆபீஸ் தரை சாதாரணத் தரை இல்லை. லாரி முகப்புக்குக் கழுகும் தாமரையும் வரைகிற பெயிண்டர் ஒருத்தர், மிச்சப் பெயிண்டை வீணாக்க மனசில்லாமல், கல்லாங்காட்டிலிருந்து இந்தூர் வரைக்கும் ரோட்டை மஞ்சளாக இழுத்து, ஊருக்கு ஒரு வட்டம், கிளை ரோட்டு ஊருக்குச் சின்ன வட்டம் என்று சிமெண்டின் மேலேயே போட்டுவைத்திருந்தார். வண்டி போன டிரைவரிடமிருந்து நாலு நாளைக்கு மேல் போன் வராவிட்டால் அவன் சம்சாரத்தை ஆபீசுக்குக் கூட்டிவந்து, எண்ணி நூறு புளியமுத்தை முந்தானையில் கொட்டி, உன் மனசுக்கு அவர் எங்கெங்கே இருப்பார் என்று படுகிறதோ அங்கங்கே வை, அதிகமாகப் படுகிற இடத்தில் அதிகம், கொஞ்சமாகப் படுகிற இடத்தில் கொஞ்சம் என்பார்கள். கட்டினவளுக்குத்தான் அவன் மனசு தெரியும் என்பதால் வேறு ஆள் கை வைக்கக் கூடாது. எல்லாம் ஒரு மனசாறுதலுக்கு ஏற்பட்ட வழக்கம்தான். அவள் குந்தி உட்கார்ந்து வைத்து முடிப்பதற்குள் எங்காவது ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து "ஆக்சில் ஒடைஞ்சு போச்சு, நல்லாத்தான் இருக்கறேன்" என்று போன் வந்துவிடும், எல்லாரும் சிரிப்பார்கள், முத்தைக் கூட்டி டப்பாவில் போடுவார்கள்.

செங்கோடனுக்கு அந்தப் போன் வரவில்லை. இந்தூருக்கு ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு போனவன், கூடப் போன மாற்று டிரைவர் ராசப்பனுக்குச் சித்ரதுர்காவில் காமாலை கண்டு பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டதாகவும், இனி ஒண்டியாகவே ஓட்டிக்கொண்டு போவதாகவும் மறுநாள் போனில் சொன்னான். அதோடு சரி. நாலு நாள் போயிற்று, அஞ்சாம் நாள் காலையில் அவன் சம்சாரம் பருவதத்தைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

பருவதத்துக்கு நாற்பது வயசு, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வாய் கொஞ்சம் நீளம், வைராக்கியம் அதைவிட நீளம். அவள் முத்தை வைக்கிறபோது யார் யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது முக்கியம். புக்கிங் கிளார்க் அர்த்தநாரி இருந்தார். சேலத்துக் காலேஜில் புள்ளியியல் பாதி படித்து மீதியை விட்டுவிட்டு வந்த மனுஷன். செங்கோடனின் அக்கா, அதாவது பருவதத்தின் நாத்தனார், வெள்ளையம்மாள் கதவை ஒட்டி நின்றாள். பின்னே ஊரே நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ்பேட்டுக்குப் பத்து வைத்தாள். பிஜாப்பூருக்குப் பதினஞ்சு. சோலாப்பூரில் எப்போதும் ரெண்டு நாள் படுத்து எழுந்திருப்பான் என்று இருபது. பீட், ஔரங்காபாத் ரெண்டுக்கும் பத்துப் பத்து. தூலியாவுக்குப் பதினஞ்சு, செந்துவா மலையிறக்கத்தை நினைத்து அங்கேயும் பதினஞ்சு, மிச்சம் அஞ்சும் இந்தூருக்கு. நூறு தீர்ந்தது. பீட்டுக்கு முன்னால் பதினோரு மைல் உள்ளே போகிற கிளை ரோட்டில் ஒரு சின்ன வட்டம் வெறுமனே கிடந்தது, அதில் நிம்காவ் என்று எழுதியிருந்தது.

அந்த வட்டத்தின் கதை ஊருக்கெல்லாம் தெரியும். எட்டு வருஷத்துக்கு முந்தி, செங்கோடன் ஒவ்வொரு நடையிலும் வண்டியை நிம்காவுக்குத் திருப்புகிறான், அங்கே சுமன்பாய் என்று டீக்கடை வைத்திருக்கிற ஒருத்தி இருக்கிறாள் என்று வெள்ளையம்மாள்தான் தன் வீட்டுக்காரன் வாயிலிருந்து கேட்டுவந்து கிணற்றடியில் சொன்னாள். பருவதம் மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. மூன்றாம் நாள் செங்கோடன் மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தைக் கொளுத்தி, ஊர் பார்க்க உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனி அந்த ஊருக்குள்ள என்ற காலு போகாது" என்று சத்தியம் செய்தான். பருவதம் நம்பினாள். எட்டு வருஷமும் அந்த நம்பிக்கையின் மேல்தான் பாயை விரித்துப் படுத்தாள்.

"அம்மிணி," என்றார் அர்த்தநாரி, குரலைத் தாழ்த்தி. "எல்லா வட்டத்துலயும் ஒண்ணே ஒண்ணாச்சும் போட்டு வெச்சா நல்லதுங். இந்தூர்ல அஞ்சுல ஒண்ணை எடுத்து…"

"எந்த வட்டத்துலங்ணா?"

அவர் கண் அந்தச் சின்ன வட்டத்துக்குப் போய்த் திரும்பியது. வெள்ளையம்மாள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்டுக்காரரு போக மாட்டேன்னு சத்தியம் பண்ணுன ஊருக்கு நான் ஒண்ணு வெச்சன்னா, நாஞ் சத்தியத்த நம்புலைன்னுதானுங்ணா அர்த்தம்? நம்பறவ எப்புடி வெப்பா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கர்நாடகா எல்லைச் செக்போஸ்ட்டிலிருந்து போன் வந்தது. செங்கோடன் வண்டி நம்பர் ரிஜிஸ்டரில் இருக்கிறது, பிஜாப்பூரைத் தாண்டி மகாராஷ்டிராவுக்குள் போய்விட்டது என்றார்கள். அர்த்தநாரி ரிசீவரை வைத்துவிட்டு அதை வாய்விட்டுச் சொன்னாரோ இல்லையோ, ஹோஸ்பேட்டில் இருந்த பத்தும் பிஜாப்பூரில் இருந்த பதினஞ்சும் மெதுவாக உருண்டு, மஞ்சள் ரோட்டைப் பிடித்து, வடக்கே போய்ச் சேர்ந்தன. எண்ணிப் பார்த்தார். சோலாப்பூரில் இருபது இருபத்தேழாகியிருந்தது, பதினஞ்சு இருந்த தூலியாவிலும் செந்துவாவிலும் இருபது இருபது, பத்துப் பத்தாக இருந்த பீட்டிலும் ஔரங்காபாத்திலும் பதிமூன்று பதிமூன்று, இந்தூரில் அஞ்சு ஏழாகியிருந்தது. கூட்டினால் நூறு. ஏற்கெனவே அதிகம் வைத்த இடம் அதிகமாக வாங்கிக்கொண்டது, கொஞ்சம் வைத்த இடம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. ஒன்றும் வைக்காத இடம் ஒன்றும் வாங்கவில்லை, ஆனால் அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை.

ஊர் மிரண்டுபோயிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? லாரிக்கார ஊர், எதற்கும் மிரளாது. முத்து நகருதாம் என்று சேதி போனதும் அரைமணி நேரத்தில் ஆபீஸ் வாசலில் செருப்புக் குவிந்தது, ஒருத்தர் டீக்கு ஏற்பாடு செய்தார், மாரியம்மன் கோயில் பூசாரி வந்து எட்டிப் பார்த்து, இதில் தப்பொன்றும் தெரியவில்லை என்று கதவு நிலையில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு, தன் பங்குக்கு ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார். யாரும் முத்தைத் தாண்டக் கூடாது, தரையைக் கூட்டுகிறவள் சுற்றித்தான் கூட்ட வேண்டும் என்று அன்றைக்கே சட்டமாயிற்று.

முத்துக்கு என்ன சேதி பிடிக்கும், எது பிடிக்காது என்பதை ஊர் நாலைந்து நாளில் கற்றுக்கொண்டது. தூலியாவிலிருந்து ஒரு டிரைவர் போன் போட்டு, இங்கே உள்ள ஓட்டல்களில் பாதியைப் பார்த்துவிட்டேன், ஆள் இல்லை என்றான். தூலியாவில் இருந்த இருபது குறைந்து பதினொன்றில் நின்றது. "பாதி பார்த்தா பாதி போகோணும், பத்துத்தான இருக்கோணும்?" என்று பூசாரி கேட்டார். அர்த்தநாரி சிலேட்டை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, "பத்துத்தானுங் நின்னுருக்கோணும், ஆனா பத்துப் போச்சுன்னா மொத்தம் தொண்ணூறு ஆயிருதில்லீங்? செங்கோடன் எங்கியோ ஒரு பக்கம் இருந்துதான ஆகோணும், அதனால தொண்ணூறைத் திருப்பியும் நூறாக்கி எல்லா ஊருக்கும் அதது அளவுக்குப் பிரிச்சா, பத்து பதினொண்ணு ஆகுதுங்" என்றார். பூசாரிக்குப் பாதி புரிந்தது, தலையை முழுசாக ஆட்டினார்.

ஜோசியர் ஒருத்தர் வந்து சோழியைப் போட்டு, ஆள் உயிரோடு வடக்கே இருக்கிறார் என்றார். ஒரு முத்தும் அசையவில்லை. செங்கோடன் எங்கே இருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார், அப்படிப்பட்ட வாக்கு எதையும் நகர்த்தாது என்று பொம்பளைகளே விளக்கம் சொல்லி அவரை எழுப்பிவிட்டார்கள். செங்கோடன் வண்டி மாதிரியே முகப்பில் கழுகு வரைந்த வண்டியை ஔரங்காபாத்தில் பார்த்தேன் என்று ஒருத்தன் சொன்னபோது ரெண்டே ரெண்டு முத்துத்தான் அங்கே போயின, ஏனென்றால் அந்த ரோட்டில் ஓடுகிற நம் பக்கத்து வண்டிகளில் பாதிக்குக் கழுகுதான். அதே சேதியை அவனிடம் கேட்டுவிட்டு இன்னும் மூன்று பேர் வந்து சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. ஒரே சேதி நாலு வாயில் வந்தால் நாலு சேதி ஆகிவிடாது என்பது முத்துக்குத் தெரிந்திருந்தது.

அர்த்தநாரி பரணிலிருந்து தன் பழைய காலேஜ் நோட்டை எடுத்துத் தூசி தட்டினார். பேயிஸ் என்று ஒரு பாதிரியாராம், இருநூறு வருஷத்துக்கு முந்திச் சீமையில் இருந்தவராம், அவர் கணக்காக எழுதிவைத்துவிட்டுப் போனதைத்தான் இந்த முத்துக்கள் வரி பிசகாமல் செய்கின்றன என்றார். "மொதல்ல மனசுல என்ன இருக்குதோ அதை வெக்கோணும். பொறவு வர்ற சேதி, ஒவ்வொரு எடத்துலயும் அவரு இருந்தா எந்தளவுக்கு வந்துருக்கும்னு பார்த்து, அந்தளவுக்குப் பெருக்கோணும். அவ்வளவுதானுங்." அன்றிலிருந்து அதற்குப் பாதிரியார் கணக்கு என்று பேர் ஆகிவிட்டது. வீட்டுக்கு வீடு புளியமுத்து வந்தது. மருமகள் முழுகாமல் இருக்கிறாளா என்பதற்கு ஒருத்தி நாற்பது வைத்தாள், காலையில் வாந்தி எடுத்ததும் எழுபது ஆக்கினாள், முந்தின நாள் கருவாடு தின்றது ஞாபகம் வந்து ஐம்பதுக்கு இறக்கினாள். பால்காரரிடம், "தண்ணி ஊத்தறீங்கன்னு தொண்ணூறு முத்து வெச்சிருக்கறேன், இன்னைக்குப் பாலைப் பார்த்துட்டு ஏத்தறதா எறக்கறதான்னு சொல்றேன்" என்று ஒருத்தி சொல்ல, அவர் கேனைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். வீட்டு முத்துக்களைக் கையால்தான் நகர்த்த வேண்டியிருந்தது. தானாக நகர்ந்தது அந்த ஆபீஸ் தரையில் மட்டும்தான், செங்கோடனுக்காக மட்டும்தான்.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கையில் பருவதம் தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து சுவரோரமாக உட்காருவாள், சாயங்காலம் எழுந்து போவாள். சேதி வந்தால் முத்து நகரும், முத்து அதிகம் சேர்ந்த இடத்துக்கு அந்தப் பக்கம் போகிற வண்டிக்காரன் தேடப் போவான், ஆள் இல்லை என்று போன் வரும், முத்து வேறு இடத்துக்குப் போகும். செந்துவா மலையில் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தார்கள். அந்த நாள் முழுக்க அவள் தாலியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பள்ளத்தில் பழைய டயர்தான் கிடந்தது என்று சேதி வந்ததும் ஓவென்று அழுதாள், அது ஆறுதலா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் தார்ப்பாய் கிடைத்தது. சேலத்து டிரைவர் ஒருத்தர், பீட்டுக்கு முன்னால் கிளை ரோட்டில் உழவு பார்க்கிற ஒரு காட்டுக்காரன் தன் ஆட்டுப்பட்டிக்குக் கூரையாகப் போட்டிருந்த தார்ப்பாயில் செங்கோடன் வண்டி நம்பரைப் பார்த்திருக்கிறார். ரோட்டோரம் கிடந்ததை எடுத்தேன் என்றானாம் அவன். நிம்காவுக்குப் போகிற ரோடு. ஆபீசில் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். முத்துக்கள் சோலாப்பூரிலிருந்தும் தூலியாவிலிருந்தும் இந்தூரிலிருந்தும் கிளம்பின, மஞ்சள் ரோட்டில் வரிசை கட்டின, அந்தக் கிளை ரோட்டு முனைக்கு வந்தன, சின்ன வட்டத்தின் விளிம்பு வரைக்கும் போய், அதைச் சுற்றிக்கொண்டு, பீட்டில் போய்க் குவிந்தன. பீட்டில் அறுபத்தெட்டு. நிம்காவில் ஒன்றுமில்லை.

எல்லாரும் பார்த்தார்கள். பருவதத்தைக் கேட்காமல் நிம்காவுக்கு ஆள் அனுப்பினால் செங்கோடன் சத்தியத்தைப் பொய் என்று ஊரே சொன்ன மாதிரி ஆகிவிடும், முத்தும் பீட்டைத்தானே காட்டுகிறது, இத்தனை நாள் பொய் சொல்லாத முத்து இப்போது மட்டும் சொல்லுமா என்று ஆளாளுக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள். ஆள்கள் பீட்டுக்குப் போய் ஐந்து நாள் சல்லடை போட்டுச் சலித்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அர்த்தநாரி மட்டும் அவள் பக்கத்தில் வந்து குந்தினார். "கோவிச்சுக்காதீங் அம்மிணி. சைபரை எதாலப் பெருக்குனாலும் சைபர்தானுங். எப்பேர்ப்பட்ட சேதி வந்தாலும் அந்த வட்டத்துக்கு ஒரு முத்துக்கூடப் போகாதுங். அவரே அங்கிருந்து எந்திரிச்சு நின்னு கூப்புட்டாக்கூடப் போகாது. நீங்க ஒண்ணே ஒண்ணு வெச்சீங்கன்னா மிச்சத்தை அதுங்களே பார்த்துக்கும். ஒண்ணு வெக்கறது அவரைச் சந்தேகப்படறதில்லீங், நமக்குத் தெரியாததும் ஒலகத்துல இருக்கும்னு ஒத்துக்கறது, அவ்வளவுதான்."

"ஊரு அப்புடி எடுத்துக்குமாங்ணா?" என்று கேட்டாள் பருவதம். அவர் எழுந்து வாசலில் கிடந்த டீ கிளாஸ்களைப் பொறுக்கப் போனார்.

பீட்டிலும் இல்லை என்று ஆன பிறகு முத்துக்களுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. நூறும் எங்காவது இருந்துதானே ஆக வேண்டும். தேடி முடித்த இடங்களுக்கே திரும்பத் திரும்ப ஓடின, சோலாப்பூருக்கும் தூலியாவுக்கும் நடுவே கடகடவென்று உருண்டுகொண்டே இருந்தன, உருண்டு உருண்டு மேல்தோல் தேய்ந்து வெள்ளை தெரிய ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் பொம்பளைகள் ஆபீசுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் பருவதம் இந்தூரில் இருந்த ஒரு முத்தைக் கையில் எடுத்தாள். ஆபீசில் அர்த்தநாரியைத் தவிர யாருமில்லை, அவரும் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முத்து உள்ளங்கையில் சூடாக இருந்தது. சின்ன வட்டத்துக்கு நேரே கையை நீட்டினாள், நீட்டின கை நின்றுவிட்டது, அப்போது அவளுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. செந்துவாப் பள்ளத்தில் செத்துக் கிடந்தால் அவன் தன் புருஷன், நிம்காவில் உயிரோடு இருந்தால் அவன் யாரோ. இப்படி நினைக்கிறோமே பாவி என்று அவளுக்கே உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் நினைத்தாள். அவன் உயிருக்கும் தன்னுடைய எட்டு வருஷத்துக்கும் நடுவில் ஒரு புளியமுத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ, கடைசியில் அதைக் கைக்குள்ளேயே மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கும் அடுத்த ரெண்டு நாளும் ஆபீஸ் தரையில் தொண்ணூற்றொன்பதுதான் ஓடிக்கொண்டிருந்தன. அர்த்தநாரி எண்ணினார், யாரிடமும் சொல்லவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலையில் வெள்ளையம்மாள் பருவதத்தின் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் வாசலிலேயே பொத்தென்று விழுந்து பருவதத்தின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நங்கையா, அன்னைக்கு நாஞ் சொன்னது நெசமா பொய்யான்னு எனக்கே தெரியாது சாமி. எங்கூட்டுக்காரரு குடிச்சுப்போட்டு ஒளறுனதை எடுத்துட்டு வந்து கெணத்தடியில கொட்டுனேன். என்ற வாயில மண்ணு விழ. எந்தம்பி அங்க இருந்தாலும் சரி, அவகூட இருந்தாலும் சரி, எனக்கு உசுரோட வேணும். வெச்சிரு நங்கையா. ஊரு எதாச்சும் சொன்னா என்னையச் சொல்லட்டும்."

பருவதம் அவளைத் தூக்கி உட்காரவைத்தாள். மூன்று நாளாக முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஆபீசுக்கு நடந்தாள். பின்னாலேயே தெரு நடந்தது. அவள் குனிந்து சின்ன வட்டத்தின் நடுவில் அந்த ஒற்றை முத்தை வைத்தாள்.

கடகடச் சத்தம் நின்றது. இருபத்திரண்டு நாளாக வந்த சேதி அத்தனையும், செக்போஸ்ட் ரிஜிஸ்டரும், தூலியாவில் இல்லாததும், பள்ளத்தில் கிடந்த டயரும், ஆட்டுப்பட்டித் தார்ப்பாயும், பீட்டில் கிடைக்காததும் எல்லாம் ஒன்று சேர்ந்துகொண்டு அந்த ஒரு முத்துக்காகவே காத்திருந்த மாதிரி, மற்ற முத்துக்கள் நாலாபக்கமிருந்தும் புறப்பட்டு, கிளை ரோட்டில் திரும்பி, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிம்காவுக்குள் போயின. வட்டம் நிரம்பி வெளியே வழிந்தது. எண்ணியபோது தொண்ணூற்றேழு இருந்தன. மிச்சம் மூன்றும் பீட்டில் நின்றன.

வெள்ளையம்மாள் கும்பிட்டாள். ஊரில் யாரும் செங்கோடன் சத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நான் அங்கேயே நின்றிருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அர்த்தநாரி நிம்காவுக்கு ட்ரங்க் கால் போட்டுப் பார்த்தார், லைன் கிடைக்கவில்லை. மத்தியான ரயிலுக்கு ராசப்பன் பருவதத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான், காமாலை மஞ்சள் அவன் கண்ணைவிட்டு இன்னும் முழுசாகப் போயிருக்கவில்லை, வேண்டாமென்று சொல்லியும் கேட்கவில்லை.

ஒன்றரை நாள் ஆயிற்று. வழியெல்லாம் அவள் ஒன்றே ஒன்றைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். அவகூட இருந்தா இருந்துட்டுப் போறாரு, கண்ணுல பார்த்தாப் போதும், சண்டை போட மாட்டேன், வாங்கன்னு கூப்புடுவேன், வந்தாச் சரி, வல்லைன்னாலும் சரி. சோலாப்பூரில் இறங்கி பஸ் பிடித்து, அது விட்ட இடத்திலிருந்து மாட்டுவண்டியில் போனார்கள்.

நிம்காவில் எட்டுக் கட்டில் போட்ட சின்னத் தர்மாஸ்பத்திரி இருந்தது. ராசப்பன் தனக்குத் தெரிந்த லாரி இந்தியில் பேரும் அடையாளமும் சொன்னான். வயசான நர்சம்மா ஒருத்தி பருவதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அப்போதே பருவதத்துக்குத் தெரிந்துவிட்டது.

பெரிய ரோட்டில் வழிப்பறிக்காரர்கள் மண்டையிலும் தாடையிலும் அடித்துப் போட்டுவிட்டு வண்டியை லோடோடு கொண்டுபோய்விட்டார்களாம். சந்தைக்குப் போன காட்டுக்காரர்கள் பார்த்து, இதுதான் பக்கத்து ஆஸ்பத்திரி என்று வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்களாம். நினைவே இல்லாமல் கிடந்தானாம். யாராவது சொந்தக்காரர் முதல் வாரத்தில் வந்து சோலாப்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். நம் ஊர்க் கணக்குக்கு இருபதாம் நாள், செவ்வாய்க்கிழமை, கண் விழித்தானாம், தாடை உடைந்ததால் பேச்சு வரவில்லையாம், சைகையில் காகிதம் கேட்டு எழுதினானாம். எழுதிய தமிழைப் படிக்க அந்த ஊரில் ஆள் இல்லை, வியாழக்கிழமை சந்தைக்குப் போகிறபோது பெரிய ரோட்டில் மதராஸ் வண்டி எதையாவது நிறுத்திக் காட்டலாம் என்று நினைத்திருந்தார்களாம். இருபத்தொன்றாம் நாள், புதன்கிழமை சாயங்காலம், போய்விட்டானாம். மறுநாள் ஆற்றங்கரையில் புதைத்துவிட்டார்கள்.

ராசப்பன் ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாகச் சொன்னான். பருவதம் நாளை எண்ணினாள். பத்தொன்பதாம் நாள் வைத்திருந்தால் புதன்கிழமை காலையில் இங்கே வந்திருப்பாள்.

"சுமன்பாயின்னு ஒருத்தி டீக்கடை வெச்சிருந்தாளாமே, கேளு" என்றாள்.

ராசப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான். கடையைக் காலி செய்துகொண்டு மகன் வேலை பார்க்கிற ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது என்றாள் நர்சம்மா. பிறகு அலமாரியைத் திறந்து, ஊசிமருந்து டப்பாவைக் கிழித்த ஒரு அட்டைத்துண்டை எடுத்துவந்து பருவதத்திடம் கொடுத்தாள். பென்சில் எழுத்து. நாலாங்கிளாஸ் எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மேலே கல்லாங்காடு புக்கிங் ஆபீஸ் அட்ரஸ், கீழே நாலு வரி.

*பருவதத்துக்கு. இந்த ஊருக்கு நானா வரலை. ரோட்டில் கிடந்தவனைத் தூக்கி வந்து போட்டுவிட்டார்கள். அந்தம்மா இங்கே இல்லை. கோவிச்சுக்காமல் வந்து கூட்டிக்கொண்டு போ.*

பருவதம் ரெண்டு தடவை படித்தாள். செங்கோடன் படுத்திருந்த கட்டிலில் வேறு யாரோ ஒரு கிழவர் படுத்திருந்தார், அவர் சம்சாரம் எழுந்து நின்று இவளுக்கு இடம் விட்டாள். நர்சம்மா ராசப்பனிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். அவன் இவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன கேக்கறாங்க?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

"சொல்லு ராசப்பா."

"இத்தனை நாளாச்சே, உங்க ஊரு அவ்வளவு தூரமான்னு கேக்கறாங்க்கா. ஆமாம், ரொம்பத் தூரமின்னு சொல்லிர்றேன்."

"பொய் சொல்லாதடா" என்றாள் பருவதம். "ஒண்ணரை நாளுதான்னு சொல்லு. நாந்தான் வல்லைன்னு சொல்லு."

ராசப்பன் தனக்குத் தெரிந்த இந்தியில் அதை அப்படியே சொன்னான்.